கருப்பட்டிக்குத் தெரிந்த இரண்டு வார்த்தை

தேனப்ப செட்டியார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான். அவருடைய மனைவி மீனாள் ஊரிலிருந்து கப்பலில் வந்து பினாங்குத் துறையில் இறங்கிய மறுநாள் காலை. இடம், மீனாளின் அண்ணன் முத்துவீரப்பன் வீடு. இலையில் தேங்காய்ப்பால் விழுந்தது, இரண்டு வாய் உள்ளே போயிற்று, மூன்றாவது வாய்க்கு முன்னால் மீனாள் கேட்டாள்.

"குதிரையை எங்க கட்டியிருக்கீக?"

செட்டியாருக்கு விக்கிக்கொண்டது.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். அதில் முக்கால்வாசியைச் செட்டியார் பினாங்கிலும் மீனாள் தேவகோட்டையிலும் கழித்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கொரு முறை ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடியும் கப்பலேறிவிடுவார். வரும்போதெல்லாம் அவிழ்த்துவிடும் பெருமைகளில் தலையாயது குதிரை. "அங்க எனக்குக் குதிரைதான். ஏறினா புக்கிட் மெர்தாஜாம், இறங்கினா தாசேக் கெலுகோர்" என்பார். இப்போது ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மீனாள் முதன்முதலாகக் கடல் தாண்டி வந்திருக்கிறாள். வந்தவள் புருஷனின் குதிரையைக் கேட்காமல் கவர்னரின் குதிரையையா கேட்பாள்?

செட்டியார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. புதிதாக வந்த காலத்தில், தொப்பை என்றால் அடுத்தவருக்கு இருப்பது என்று நினைத்திருந்த வயதில், அவர் ஒரு மட்டக்குதிரையில் அக்கரைத் தோட்டங்களையெல்லாம் சுற்றியவர்தான். சேறு, அட்டை, மழை எதுவும் அவரை இறக்கியதில்லை. பிறகு மேசைக்கு முன்னால் உட்காரும் உத்தியோகம் வந்தது. மட்டக்குதிரை போயிற்று, ரிக்‌ஷா வந்தது. கடைசியாகக் குதிரை முதுகில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இதை அப்படியே சொல்லியிருந்தால் இடியாப்பம் நிம்மதியாக இறங்கியிருக்கும்.

ஆனால் எதிரே முத்துவீரப்பன் உட்கார்ந்திருந்தார். சமீபத்தில் மோட்டார் வண்டி வாங்கியவர். வாங்கின நாளிலிருந்து நடந்து போகிறவர்களையெல்லாம் இரக்கத்தோடு பார்ப்பவர்.

"குதிரையா? நம்ம மாப்பிள்ளையா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் தேங்காய்ப்பால் மூக்கு வழியாக வந்தது. "ஏத்தா மீனா, இவுக குதிரையில போன அழகைத்தான் தேவகோட்டையே பாத்துச்சே! மறந்துட்டியா?"

செட்டியாரின் காது சிவந்தது. அந்தக் கதையை யாரும் மறக்கவில்லை என்பதுதான் அவருடைய ஆயுள்கால வருத்தம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பு. தலைப்பாகையும் மாலையுமாகக் குதிரைமேல் வந்துகொண்டிருந்தார். பெண் வீட்டு மாடி ஜன்னலில் மீனாள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எவனோ அதிர்வேட்டு ஒன்றைக் கொளுத்திப் போட்டான். குதிரை பெண் வீட்டு வாசலைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது, ஊருணியையும் தாண்டியது. புதுப்பெண் தன் மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரு கண் சிமிட்டும் நேரம். வெகுநேரம் கழித்து அவர் ஒரு வைக்கோல் வண்டியில் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மீனாள் வீட்டில் அவருக்குப் பெயர் 'தாண்டிப்போன மாப்பிள்ளை'. மாமியார் சாகும்வரை வேறு பெயர் சொல்லவில்லை.

"கப்பல்ல வருது" என்றார் செட்டியார்.

"எது?"

"குதிரைதான். புதுக் குதிரை. பழசைக் குடுத்துட்டேன்."

மீனாள் இடியாப்பத்தைப் பிய்த்தபடியே யோசித்தாள். அவளுக்கு எதையும் உரக்கச் சொல்லும் பழக்கம் கிடையாது.

"தண்ணீர்மலையில புது வீடு வாங்கியிருக்கீகளே, அதுக்கு ஆவணியிலதானே பால் காய்ச்சணும்? அன்னைக்குக் குதிரையிலயே வாங்க. நான் வாசல்ல விளக்கை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். வந்து வாசல்ல நின்னீகன்னா சேர்ந்து உள்ள போவோம். நான் இங்கேயே இருந்துடறேன்."

"நிக்கலைன்னா?" என்றார் முத்துவீரப்பன், ஆவலை அடக்க முடியாமல்.

"அண்ணன் ஆவணியிலதானே ஊருக்குப் போறீக? உங்களோட நானும் கப்பலேறிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் செட்டியார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கொண்டுவந்த பெட்டிகள் மூன்று. ஒன்றுதான் திறந்திருந்தது. மற்ற இரண்டும் கப்பலில் கட்டிய கயிறு அவிழாமல் சுவரோரமாக நின்றன. வேடிக்கையில்லை, இவள் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

குதிரை உண்மையிலேயே கப்பலில்தான் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயக்காரர்களுக்காக வந்த குதிரைகளைத் துறையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, பாரந்தூக்கியில் மாட்டி, ஆகாயத்தில் தூக்கி இறக்கினார்கள். மற்றக் குதிரைகளெல்லாம் அந்தரத்தில் உதைத்துக் கதறின. ஒன்று மட்டும் நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே நின்ற கூட்டத்தைக் கோயில் அறங்காவலர் மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கியது. கருப்பட்டி நிறம். பந்தயக்காரர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள், இவ்வளவு நிதானம் பந்தயத்துக்கு ஆகாதாம். செட்டியாருக்கு இந்த நிதானம்தான் வேண்டியிருந்தது. அங்கேயே பேசி முடித்தார். பெயரையும் அங்கேயே வைத்தார். கருப்பட்டி.

குதிரை பார்த்துக்கொள்ள அகப்பட்டவர் நூர் முகம்மது. பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். வேலையைவிட வேலையைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். முதலாளியை அந்த ஊர் வழக்கப்படி 'தவுக்கே' என்பார்.

"தவுக்கே, இது சின்னப் புள்ளைலா. மூணு வயசு. முதுகில சேணம்கூட ஏறினதில்ல. ஒண்ணுமே தெரியாது."

"எனக்கும் எல்லாம் மறந்துபோச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கிறோம்" என்றார் செட்டியார்.

படிப்பு தண்ணீர்மலை வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் தொடங்கியது. முதல் பாடம், நீளக் கயிற்றின் ஒரு நுனியில் குதிரை, இன்னொரு நுனியில் செட்டியார். குதிரை வட்டமாக ஓட வேண்டும், அவர் நடுவில் நின்று கூடவே திரும்ப வேண்டும். முதல் நாள் மயக்கம் போட்டு விழுந்தது குதிரை அல்ல. நூர் முகம்மது மலாயில் "ஜாலான்! ஜாலான்!" என்று அதட்டிப் பார்த்தார். நடக்கச் சொல்கிறாராம். கருப்பட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புல் மேய்ந்தது.

"வெள்ளக்காரன் ஊர்க் குதிரை தவுக்கே, மலாயி புரியல" என்று சொல்லிவிட்டு, குதிரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அது குதிரைக்கும் புரியவில்லை, இங்கிலீஷுக்கும் புரிந்திருக்காது.

செட்டியார் சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். எதை எண்ணினாலும் அவர் முதலில் 'ஒன்று' என்று சொல்வதில்லை. அவர் அப்பா சொன்னதில்லை, தாத்தா சொன்னதில்லை. நெல் அளந்தாலும் சரி, மூட்டை இறக்கினாலும் சரி, முதல் எண் 'லாபம்'தான். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. நல்ல வார்த்தையோடு தொடங்கினால் நல்லபடியாக முடியும் என்பது சாதியிலேயே ஊறின நம்பிக்கை. ஆகவே கயிற்றை லேசாக உதறி, "லாபம்!" என்றார்.

கருப்பட்டி ஓடியது.

"ரெண்டு… மூணு… நாலு…" என்று தலை சுற்றும்வரை எண்ணினார். முடியாமல் போனபோது, கையைக் காட்டி, மூச்சு வாங்க, "போதும்பா, போதும்" என்றார். கருப்பட்டி நின்றது.

மறுநாளும் அப்படியே. நாலைந்து நாளில் கயிற்றை உதற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. "லாபம்" என்று சொன்னால் போதும், காதை விடைத்துக்கொண்டு கிளம்பிவிடும். சத்தமாகச் சொன்னால் நாலுகால் பாய்ச்சல்தான். இது தெரிந்த அன்று செட்டியாருக்குத் தலைகால் புரியவில்லை. பினாங்கிலேயே லாபத்துக்காக ஓடுகிற ஒரே குதிரை தன்னுடையது என்று நூர் முகம்மதிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நூர் முகம்மது, "குதிரை மட்டுமா தவுக்கே ஓடுது?" என்றார். செட்டியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிக்கல் இரண்டாவது வார்த்தையில் இருந்தது. வாய்தவறி வந்த வார்த்தை அது. ஒரு செட்டியார், விடிந்த பொழுதில், 'லாபம்' என்று சொன்ன வாயால் 'போதும்' என்று சொல்லலாமா? கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மேலே இருப்பவன் சரியென்று நிறுத்திவிட்டால்? அவர் வார்த்தையை மாற்றப் பார்த்தார். "நில்லு" என்றார். ஓடியது. "முருகா" என்றார். காதை மட்டும் ஆட்டிவிட்டு ஓடியது. "சிவசிவா" என்று அலறினார். வேலியைத் தாண்டியது. கருப்பட்டி ஒரு தடவை கற்றுக்கொண்டதை மாற்றிக்கொள்ளும் ரகம் இல்லை. வேறு வழியில்லாமல், நிறுத்த வேண்டியபோதெல்லாம் குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அதன் காதோடு காதாக "போதும்" என்று கிசுகிசுக்கப் பழகினார்.

ஏறுவது தனிக் கதை. கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் ஏறி, அங்கிருந்து சேணத்துக்குத் தாவ வேண்டும் என்று ஏற்பாடு. முதல் தடவை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். கருப்பட்டி திரும்பிப் பார்த்து அவரை முகர்ந்தது. காம்ப்பெல் ஸ்ட்ரீட் சீனத் தையல்காரரிடம் குதிரைக் கால்சராய் தைக்கப் போனபோது, அளவு நாடா தொப்பையைச் சுற்றி வராமல் பாதியிலேயே நின்றது. தையல்காரர் உள்ளே திரும்பி இன்னொரு நாடா கேட்டு, "பெசார்! பெசார்!" என்று கத்தினார். அந்த மலாய் வார்த்தைக்குப் பெரிசு என்று அர்த்தம். கடையில் இருந்த எல்லோருக்கும் மலாய் தெரிந்திருந்தது.

ஆனாலும் ஒரு காலை வந்தது. புல் நனைந்திருந்தது, மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. செட்டியார் சேணத்தில் உட்கார்ந்து, மெதுவாக "லாபம்" என்றார். கருப்பட்டி துள்ளுநடையில் கிளம்பியது. இரண்டு சுற்றுவரை அவர் சேணத்தில் மாவு மூட்டை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் முழங்காலுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. குதிரை எழும்பும்போது அவரும் எழும்பினார், இறங்கும்போது இறங்கினார். அடியில் அந்தச் சின்ன உடம்பு நம்பிக்கையோடு தன்னைச் சுமப்பது தெரிந்தது. மழையில் மட்டக்குதிரை மேல் தனியாகப் போன அந்தப் பையன் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று காதில் கிசுகிசுத்து நிறுத்திவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மீனாள் இதைப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

மீனாளோ புல்வெளிப் பக்கமே வரவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நூர் முகம்மதுக்கு ஒரு தூக்கில் பணியாரம் கொடுத்தனுப்புவதோடு சரி. அந்த இரண்டு பெட்டிகளிலும் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

ஆவணியும் வந்தது. செட்டியார் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டுத்தான் அன்று கிளம்பினார். மேளம் கிடையாது, வேட்டு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மச்சானின் மோட்டார் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வரும் வழியையும் யோசித்து வைத்திருந்தார். கடைத்தெரு வழியாக வந்தால் எந்தக் கடையில் எவன் அரிசி அளந்து 'லாபம்' போடுவானோ தெரியாது. அதனால் வெள்ளைக்காரத் துரைமார் குடியிருக்கும் நார்த்தாம் ரோடு வழியாகச் சுற்றிவந்தார். அவர்களும் லாபம் பார்க்கிறவர்கள்தான், ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுகமாக வந்தார். கால்சராய் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, நெற்றி நிறைய விபூதி, தோளில் சரிகைத் துண்டு. பின்னால் நூர் முகம்மது சைக்கிளில் வந்தார். ரிக்‌ஷாக்காரர்கள் ஓரம் ஒதுங்கிப் பார்த்தார்கள். தண்ணீர்மலை ரோட்டில் திரும்பியதும் தூரத்தில் வீடு தெரிந்தது. வாசலில் வாழைமரம், தோரணம், பெரிய கோலம். இரண்டு பக்கமும் செட்டிமார்கள் அங்கவஸ்திரத்தோடு நின்றிருந்தார்கள். நடுவில் மீனாள், அரக்குச் சேலையில், கையில் குத்துவிளக்கோடு நின்றாள். பக்கத்தில் முத்துவீரப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து உள்ளே போய்ப் பால் பொங்க வேண்டும்.

செட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதருகே குனிந்து கிசுகிசுக்க வேண்டிய இடத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. வாசல் வாழைமரத்துக்குக் கீழே அரிசி மூட்டை. மூட்டைக்குப் பக்கத்தில் அண்டா. அண்டாவுக்குப் பக்கத்தில் கையில் படியோடு சமையல்காரர் தங்கராஜு. அரிசியை எவனாவது வாசலில் வைத்து அளப்பானா? பின்கட்டு எதற்கு இருக்கிறது? செட்டியார் கையை ஆட்டினார். தங்கராஜு அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தலையைக் குனிந்துவிட்டு, படியை நிரப்பி, ஊருக்கே கேட்கும்படி ராகம் போட்டார்.

"லா…பம்!"

கருப்பட்டி பறந்தது.

வாழைமரம் வந்தது, போயிற்று. கோலம் வந்தது, போயிற்று. மீனாள் முகம் வந்தது. செட்டியார் வாயைத் திறந்தார். சுற்றிலும் பினாங்கில் உள்ள தலைக்கட்டு முழுவதும் நிற்கிறது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் வேளை. இப்போதுதான் ஒருவன் வாயார லாபம் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல், வீட்டுக்குரியவன், வாசலிலேயே, 'போதும்' என்று கத்துவதா? கிசுகிசுக்கவும் வழியில்லை, காது எங்கோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மீனாள் முகமும் போயிற்று.

"தாண்டிட்டாருடோய்!" என்று முத்துவீரப்பன் கத்தியது பின்னால் கேட்டது.

ரோடு முடிகிற இடத்தில் பூந்தோட்டம். அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த குரங்குகளைப் பார்த்துத்தான் கருப்பட்டி தானாக நின்றது. குரங்குகள் கால்சராயைப் பார்த்துப் பல்லை இளித்தன. செட்டியார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பயத்தினால் அல்ல, வெட்கத்தினால். இருபத்துநாலு வருஷம் கழித்து, அதே பெண்ணின் முன்னால், அதே காரியம். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. குதிரையைத் திருப்பினார். சத்தம் வராமல் "லாபம்" என்றார். கருப்பட்டி ஒழுங்காகத் துள்ளுநடை போட்டது.

வாசலில் தங்கராஜு படியோடு விழித்துக்கொண்டிருந்தார். குதிரை போன களேபரத்தில் எத்தனை படி என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. மீனாள் திரும்பி அவரிடம் ஏதோ சொன்னாள். தங்கராஜு தலையாட்டினார். அண்டாவில் போட்ட அரிசியையெல்லாம் மூட்டையில் திரும்பக் கொட்டினார். செட்டியாருக்கு என்ன நடக்கப் போகிறது என்பது புரிந்துவிட்டது. "டேய், வேணாம்டா! வேணாம்!" என்று கத்துவதற்குள் படி நிரம்பிவிட்டது.

"லா…பம்!"

மறுபடியும் காற்று. மறுபடியும் வாழைமரம். இந்தத் தடவை அவர் மீனாளை மட்டும் பார்த்தார். அவள் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். உள்ளே போகத் திரும்புகிறவளைப் போல ஒரு கால் பின்னால் நகர்ந்தது. கயிறு கட்டிய இரண்டு பெட்டிகளும் அவர் கண்முன் வந்து நின்றன. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய், 'இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சொல்லிவிட்டுத் திரும்பியதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஒவ்வொரு தடவையும் அவள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். பால் பொங்கினால் பொங்கட்டும், பொங்காவிட்டால் போகட்டும்.

"போதும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். "போதும்! போதும்!"

ஒரு தடவை சொன்னாலே போதுமானது. கருப்பட்டி நாலு காலையும் ஊன்றிச் சிலை மாதிரி நின்றுவிட்டது. செட்டியாருக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. சேணத்திலிருந்து கிளம்பி, கழுத்தின் மேல் சறுக்கி, கடிவாளத்தைப் பிடித்தபடியே, கோலத்தின் நடுவில் சம்மணம் போட்ட மேனிக்கு வந்து உட்கார்ந்தார். மீனாளின் காலுக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

செட்டிமார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிழவர் ஒருவர் காதில் கையை வைத்து, "என்னப்பா சொன்னான்? போதும்னா சொன்னான்?" என்று பக்கத்தில் கேட்டார். முத்துவீரப்பன் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

மீனாள் குனிந்து பார்த்தாள்.

"எது போதும்?"

குதிரைக்குச் சொன்னேன் என்று ஒரே வார்த்தையில் தப்பியிருக்கலாம். அது உண்மையும்கூட. செட்டியார் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அவள் காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியாது.

"நீ அங்கயும் நான் இங்கயுமா இருந்தது" என்றார். "போதும் மீனா."

அவள் விளக்கை அண்ணன் கையில் கொடுத்தாள். இரண்டு கையையும் நீட்டிப் புருஷனைத் தூக்கி நிறுத்தினாள். கால்சராயின் பின்பக்கம் முழுவதும் கோலமாவு. அந்தக் கோலத்தோடுதான் அவர் புது வீட்டுக்குள் வலதுகாலை எடுத்து வைத்தார். நேரம் தப்பவில்லை. பால் நன்றாகப் பொங்கியது, அடுப்பே அணையும்படி பொங்கியது.

பொங்காமல் போனது சோறுதான். பந்தியில் முதல் வரிசை பாதி சாப்பிடும்போதே அண்டா காலி. விசாரித்தபோது தங்கராஜு கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"நான் மொதப் படிதான் போட்டேன் முதலாளி. லாபம்னேன். நீங்க போதும் போதும்னு கத்துனீங்க. மூணு தடவை சொன்னீங்களே, சரி மூணு படி போதும்போலன்னு நிறுத்திட்டேன்."

முத்துவீரப்பன் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு, மோட்டாரில் ஏறிப் போய், கடையில் ரொட்டி வாங்கித் தின்றாராம். போகிற போக்கில் ஒரு புதுப் பெயரையும் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பினாங்கில் தேனப்பன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'போதும் செட்டியார்' என்று கேட்டால் ரிக்‌ஷாக்காரன்கூட வீட்டில் கொண்டுவந்து விடுவான்.

விருந்தாளிகள் அரை வயிற்றோடு கலைந்த பிறகு, செட்டியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். அண்ணன் வீட்டிலிருந்து பெட்டிகள் வந்து சேர்ந்திருந்தன. மீனாள் தரையில் உட்கார்ந்து இரண்டாவது பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நுனியைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் யோசிச்சேன்" என்று புலம்பினார். "அந்தத் தங்கராஜு மட்டும் யோசனையில வரல. மடப்பய, அரிசிய வாசல்ல வெச்சா அளப்பான்?"

"நான்தான் அங்க உக்காரச் சொன்னேன்."

செட்டியார் கயிற்றை விட்டுவிட்டார்.

"ரெண்டாவது வாட்டி மொதல்லருந்து அளக்கச் சொன்னதும் நான்தான்" என்றாள் மீனாள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க குதிரைக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும்னு நூர் முகம்மது அண்ணன் என்னைக்கோ சொல்லிட்டாரு. மொத வார்த்தைய நான் இருபத்துநாலு வருஷமாக் கேட்டாச்சு. ரெண்டாவது உங்க வாயில வருமான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

"அடிப்பாவி! விழுந்து கழுத்து ஒடிஞ்சிருந்தா?"

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவள் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"புடிக்கிறதுக்குத்தானே வாசல்லயே நின்னேன்" என்றாள். "அன்னைக்கு மாதிரி மாடியில நிக்கலையே."